உயிர் பிழைத்த பிறகு

1943 மார்ச் 2. சோவியத் நாட்டின் ஸ்மோலென்ஸ்க் பகுதியில், ஜெர்மானியப் படையை எதிர்த்து முன்னேறிய ஓர் இளம் அதிகாரியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயர் ஸசெட்ஸ்கி. வயது 23. போருக்கு முன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். மண்டையின் இடப்பக்கம், பின்புறமாகப் புகுந்த குண்டு மூளையைக் கிழித்திருந்தது. ஆனாலும் உயிர் பிழைத்தார். சில மாதங்களில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் அவரைச் சந்தித்த நரம்பியல் உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியா, அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவரைக் கவனித்துவந்தார். அந்த ஆண்டுகளில் ஸசெட்ஸ்கி தனக்கு நேர்ந்ததைத் தானே எழுதினார். ஏறக்குறைய 3,000 பக்கங்கள். தான் எழுதியதைத் தானே சரளமாக வாசிக்க முடியாத ஒருவர் எழுதிய பக்கங்கள் அவை.

தலைக்காயத்தைப் பற்றி மருத்துவர்கள் எழுதியவை ஏராளம். அடிபட்டவரே உள்ளேயிருந்து எழுதுவது அபூர்வம். அந்தப் பக்கங்களைத் தன் விளக்கங்களோடு சேர்த்து லூரியா 1971இல் நூலாக வெளியிட்டார். உடைந்த மூளைக்குள் ஒரு மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதை அறிய இன்றும் அதற்கு இணையான சாட்சியம் அரிது.

நம் ஊரில் குண்டு பாய்வதில்லை, பைக் சறுக்குகிறது. விபத்து நடந்த வீட்டில் முதல் சில நாட்களுக்கு ஒரே கேள்விதான்: பிழைத்துக்கொள்வாரா? ஐசியு வாசலில் உறவினர் அனைவரும் அதை மட்டுமே கேட்கிறார்கள். பிழைத்து வீடு வந்த பிறகு, உறவுக்கூட்டம் கலைந்த பிறகு, மனைவியோ தாயோ தனியாகக் கேட்கும் இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு: இவர் ஏன் இப்படி ஆகிவிட்டார்? அதற்கு மூளை அறிவியல் தரும் விடை குடும்பங்களுக்குப் பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை.

மண்டைக்குள் நடப்பது

வளர்ந்தவரின் மூளை சுமார் 1,400 கிராம் எடை உள்ளது. விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு மென்மையானது. மண்டைக்குள் ஒரு நீர்மத்தில் மிதந்தபடி இருக்கிறது. சிறு ஆட்டங்களிலிருந்து அந்த நீர்மமே அதைக் காக்கிறது. பெரிய அடியிலிருந்து காக்க அதற்கு வலுவில்லை.

ஸசெட்ஸ்கி அடிபட்ட அதே 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் மண்டை ஓட்டின் வடிவத்தில் ஜெலட்டினை உறையவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கண்டது இதுதான்: மூளையை நசுக்குவது கடினம், ஏனெனில் அதில் பெரும்பகுதி நீர். ஆனால் தலை சட்டென்று திரும்பினால், மூளையின் ஒரு அடுக்கு நகர, அடுத்த அடுக்கு பின்தங்க, இரண்டுக்கும் நடுவே இழுபட்டுக் கிழிகிறது. உறைந்த தயிர்ப் பாத்திரத்தை வெடுக்கென்று திருப்பினால் பாத்திரம் உடையாமலே தயிர் வெட்டுப்படுவதைப் போல. மண்டை ஓட்டில் கீறல்கூட இல்லாதவர் மாதக்கணக்கில் கோமாவில் கிடப்பதன் காரணம் இதுவே.

இழுபடுபவை நரம்பணுக்களின் நீண்ட இழைகள். மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவது இவற்றின் வழியாகத்தான். பெரும்பாலான இழைகள் அடிபட்ட நொடியில் அறுந்துவிடுவதில்லை. உள்ளே ஓடும் போக்குவரத்து தடைபட்டு, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வீங்கி, பிறகு துண்டாகின்றன. இந்தச் சேதம் மிக நுண்ணியது. சிடி ஸ்கேனில் பல சமயம் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்று எழுதிய காகிதம் கையில் இருக்க, வீட்டில் இருப்பவர் நார்மலாக இல்லாமல் இருப்பது இப்படித்தான் நேர்கிறது.

இன்னொன்றும் உண்டு. மண்டைக்கூட்டின் அடித்தளம் எல்லா இடத்திலும் வழுவழுப்பாக இல்லை. நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுக்கு உட்புறமும் மேடும் விளிம்புமாக இருக்கிறது. மூளை ஆடும்போது நெற்றிப்பக்கத்து முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டுப்பக்கத்துப் பக்கமடலின் நுனியும் அந்த எலும்பில் உரசிக் கன்றிப்போகின்றன. தலையின் எந்தப் பக்கம் அடிபட்டாலும் இந்த இரண்டு இடங்கள் காயப்படும் வாய்ப்பு அதிகம். ஒருவரின் நிதானம், பொறுமை, திட்டமிடல், கூச்சம், இங்கிதம் ஆகியவை பெருமளவு சார்ந்திருப்பதும் இந்த இடங்களைத்தான்.

அடுத்து வருவது வீக்கம். கை வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டை ஓடு இடம் கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற ரத்தம் மூளைக்குப் போவது குறைகிறது. அதனால்தான் சிலருக்கு மண்டை ஓட்டின் ஒரு பகுதியையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பாதுகாத்து, வீக்கம் வடிந்த பிறகு திரும்பப் பொருத்துவது நம் மருத்துவமனைகளில் உள்ள வழக்கம். "ஓட்டை எடுத்து வயித்துல வச்சிருக்காங்க" என்று உறவினர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு வகை ரத்தக்கட்டு ஏமாற்றும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், "ஒண்ணுமில்லை" என்பார், வீட்டுக்குக்கூட வந்துவிடுவார். சில மணி நேரத்தில் மயங்கிச் சரிவார். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே கிழிந்த தமனியிலிருந்து ரத்தம் மெல்லச் சேர்ந்திருக்கும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கக் கலக்கம், வலிப்பு, ஒரு கண்பாவை மட்டும் விரிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரத்தில் வந்தால் முழுமையாகக் காப்பாற்றக்கூடிய காயம் இது.

கண் விழிப்பது

கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974இல் கிளாஸ்கோ கோமா அளவுகோலை (ஜிசிஎஸ்) வகுத்தார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண். எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். "ஜிசிஎஸ் ஏழு இருக்கு" என்று டாக்டர் சொல்லும்போது குடும்பம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்துகிறது.

எண் ஏறிக் கண் திறந்ததும் ஆள் திரும்பிவிட்டார் என்று நினைக்கிறோம். திரைப்படங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன: கண் விழித்ததும் "நான் எங்கே இருக்கிறேன்" என்ற கேள்வி, மறந்துபோனவை எல்லாம் இன்னொரு அடியில் திரும்புதல். உண்மையில் இரண்டாவது அடி முதல் காயத்தை மோசமாக்கும். கோமாவிலிருந்து வருவதும் ஒரு நொடியில் நடப்பதில்லை. கண் திறந்த பிறகு, பேச்சு வந்த பிறகும்கூட, நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் ஒரு குழப்பக் கட்டம் உண்டு. விழித்திருப்பார், ஆனால் புதிய நினைவு எதுவும் பதியாது. கேட்டதையே கேட்பார். குழாயைப் பிடுங்குவார். கட்டிலிலிருந்து இறங்கி ஆபீஸ் போக வேண்டும் என்பார். வாழ்நாளில் சொல்லாத கெட்ட வார்த்தையைச் சொந்தத் தாயிடம் சொல்வார். பிற்பாடு இதில் எதுவும் அவர் நினைவில் இருக்காது. இந்தக் கட்டம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதை வைத்துப் பின்னால் வரும் மீட்சியை மருத்துவர்கள் ஓரளவு கணிக்கிறார்கள். தாய்க்கு இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அந்த வார்த்தையை அவர் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்காது.

உள்ளேயிருந்து பார்த்தால்

ஸசெட்ஸ்கியின் உலகம் துண்டுதுண்டாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் அதன் வலப்பாதி இல்லை. தன் உடலின் வலப்பாதியும் அவ்வப்போது காணாமல் போகும்; காலை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும். சில வேளைகளில் தலை மேசை அளவுக்குப் பெருத்துவிட்டதாக உணர்வார். தாயும் சகோதரிகளும் இருந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு, பக்கத்துத் தெருவிலேயே வழி தவறினார்.

மொழியில் நேர்ந்தது இன்னும் விநோதமானது. "அப்பா" தெரியும், "சகோதரன்" தெரியும். ஆனால் "அப்பாவின் சகோதரன்" என்பதும் "சகோதரனின் அப்பா" என்பதும் ஒன்றா வேறா என்று எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை. தனிச் சொற்கள் கிடைத்தன. அவற்றுக்கு இடையிலான உறவு கிடைக்கவில்லை. பொருட்கள் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்று வெளியில் கணிக்கும் அதே பகுதி, வாக்கியத்துக்குள் சொற்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதையும் கணிக்கிறது என்று லூரியா விளக்கினார். இலக்கணத்துக்கு உள்ளே ஓர் இடவரைபடம் இருக்கிறது என்பதை ஒருவருடைய இழப்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது.

எழுத்துகளைக் குழந்தையைப் போல முதலிலிருந்து கற்றார். ஒவ்வொரு எழுத்தும் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுத முயன்றால் கை நின்றுவிடும். ஒருநாள் மருத்துவர் சொன்னார்: யோசிக்காதீர்கள், பென்சிலை எடுக்காமல் முழுச் சொல்லையும் ஒரே வீச்சில் எழுதுங்கள். எழுதினார், வந்துவிட்டது. கண்ணுக்கும் இடக்கணிப்புக்கும் உரிய பகுதிகள் சிதைந்திருந்தன. பல்லாண்டு பழக்கத்தில் ஊறிய கையசைவை நடத்தும் பகுதிகளோ அப்படியே இருந்தன. அதனால்தான் எழுத முடிந்தது. எழுதியதை வாசிக்க முடியவில்லை. எழுதத் தொடங்கிய வாக்கியத்தின் தலை, முடிப்பதற்குள் மறந்துவிடும். ஒரு நாள் முழுக்கப் போராடி ஒரு பக்கம் முடித்தால் அது நல்ல நாள். அப்படி எழுதியவைதான் அந்த 3,000 பக்கங்கள்.

ஸசெட்ஸ்கிக்கு ஒன்று தப்பியிருந்தது: முன்மடல். எனவே தான் இழந்தது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. துயரப்பட முடிந்தது. நாளைக்கு என்ன செய்வது என்று திட்டமிட முடிந்தது. விடாப்பிடியாக உட்கார முடிந்தது. அவருடைய மன உறுதி என்று நாம் வியப்பதற்கும் மூளையில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் காயப்படாமல் இருந்ததால்தான் அவரால் காயத்தோடு போரிட முடிந்தது. சாலை விபத்தில் பெரும்பாலும் காயப்படுவது அந்த இடமே.

வீட்டிலிருந்து பார்த்தால்

முன்மடல் காயம் மூன்று விதமாக வீட்டில் தெரியும்.

ஒன்று, தொடங்க முடியாமை. தட்டில் போட்டு வைத்தால் சாப்பிடுவார். பசிக்கிறது என்று வாய் திறந்து கேட்க மாட்டார். குளிக்கச் சொன்னால் "சரி" என்பார். ஒரு மணி நேரம் கழித்தும் அதே நாற்காலியில் இருப்பார். வீடு அதைச் சோம்பல் என்கிறது.

இரண்டு, அடக்க முடியாமை. சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி எறிவார். விருந்தாளி முன்னால் சொல்லக் கூடாததைச் சொல்வார். கையில் இருந்த பணத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு வருவார். வீடு அதைத் திமிர் என்கிறது.

மூன்று, தன் குறையைத் தானே அறியாமை. "எனக்கு ஒண்ணுமில்ல, வண்டிச் சாவியைக் குடு" என்பார். பொய் சொல்லவில்லை, தன்னைத் தானே மதிப்பிடும் பகுதியே அடிபட்டிருக்கிறது. வீடு அதைப் பிடிவாதம் என்கிறது.

"கொஞ்சம் முயற்சி பண்ணக் கூடாதா?" என்று நாம் அன்போடுதான் கேட்கிறோம். முயற்சியைத் தொடங்கும் இடத்திலேயே அவருக்குக் காயம். கால் முறிந்தவரிடம் யாரும் ஓடச் சொல்வதில்லை.

வெளியே தெரியாத இழப்புகள் வேறும் உண்டு. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் அடியில் அறுந்தால் வாசனை போய்விடும். சாப்பாடு சப்பென்று ஆகும். பால் தீய்வதும் கேஸ் கசிவதும் தெரியாது. மூளை தானாகச் செய்துவந்த வேலைகளை இப்போது வலிந்து செய்ய வேண்டியிருப்பதால் சோர்வு முற்றுகையிடும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம், மைக், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவது எல்லாம் சேர்ந்தால் தாங்காது. எழுந்து வெளியே போய்விடுவார். உறவினர்கள் மரியாதை தெரியவில்லை என்பார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் பாப் வுட்ரஃப் 2006 ஜனவரி 29 அன்று ஈராக்கில் சாலையோரக் குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டார். 36 நாள் கோமா. விழித்தபோது தனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் இருப்பது நினைவில் இல்லை. சொற்களை வைத்துப் பிழைத்தவருக்குச் சாதாரணப் பொருட்களின் பெயர்கள் நழுவின. அவரும் மனைவி லீயும் சேர்ந்து 2007இல் ஒரு நூல் எழுதினார்கள். கணவருக்குச் சிறிதும் நினைவில்லாத அந்த வாரங்கள் மனைவிக்கு ஒவ்வொரு மணி நேரமாக நினைவிருக்கின்றன. ஒரே காயம் இரண்டு பேரை இரண்டு விதமாகத் தாக்குகிறது.

1980களில் கிளாஸ்கோவில் நீல் பிரூக்ஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் கடுமையான தலைக்காயம் பட்டவர்களின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். கை கால் செயலிழப்பைவிட, ஆள் மாறிப்போனதே குடும்பங்களை அதிகம் நொறுக்கியது. முதல் ஆண்டைவிட ஐந்தாம் ஆண்டில் சுமை குறையவில்லை; கூடியிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று விவரித்தார். ஆள் கண்முன்னே இருக்கிறார். ஆனால் திருமணம் செய்துகொண்ட அந்த ஆள் இல்லை. இந்த இழப்புக்குப் பதினாறாம் நாள் காரியம் கிடையாது, துக்கம் விசாரிக்க ஆள் வருவதில்லை. "உயிரோட இருக்காரே, அது போதாதா?" என்றுதான் ஊர் கேட்கிறது. துக்கப்படவே உரிமை இல்லாத துக்கம் அது.

மீள்வது

முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருக்கும். ஆனால் இத்தனை மாதத்தோடு முடிந்துவிட்டது என்று கோடு எதுவும் இல்லை. பிழைத்த நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை வளர்க்கின்றன; ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதை திறக்கக்கூடும். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேப்ரியல் கிஃபர்ட்ஸ் 2011இல் துப்பாக்கிச் சூட்டில் மூளையின் இடப்பக்கம் காயப்பட்டார். பேச்சு போயிற்று. சொல்ல முடியாத சொற்களைப் பாட முடிந்தது, ஏனெனில் இசைக்கு வலப்பக்க மூளையும் துணை நிற்கிறது. பாட்டின் வழியாகப் பேச்சுக்குப் பயிற்சி நடந்தது. வுட்ரஃப் 13 மாதங்களில் மீண்டும் திரையில் தோன்றினார்.

இந்த மீட்சிக்கு வீடு செய்யக்கூடியவை எளியவை. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் வேலைகள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, பதிலுக்குக் காத்திருத்தல். நினைவுக்கு ஒரு நோட்டு, போனில் அலாரம். சுவரில் இன்றைய தேதியும் செய்ய வேண்டியவையும். நடுநடுவே ஓய்வு. டிவியை அணைத்துவிட்டுப் பேசுதல். கோபம் வரும்போது வாதாடாமல் இடத்தை மாற்றுதல். மது கூடாது. டாக்டர் அனுமதிக்கும்வரை வண்டி கூடாது. வலிப்பு மாத்திரையைச் சொந்த முடிவில் நிறுத்தக் கூடாது. பிசியோதெரபியோடு ஸ்பீச் தெரபியும் மனநல ஆலோசனையும் கேட்டுப் பெற வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது விடுப்பு வேண்டும். அந்த நேரத்துக்கு வந்து உட்காருவதுதான் உறவினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

நம் கடமை

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறக்காமல் வீடு திரும்பியவர்களின் மூளைக்கு என்ன ஆயிற்று என்பது இந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. உயிர் காக்கும் அருமையான ஏற்பாடு அது. 49ஆம் மணி நேரத்துக்குப் பின் வரும் ஆண்டுகளுக்கும் அதே அக்கறை தேவை: மாவட்டந்தோறும் மறுவாழ்வு மையம், குடும்பத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் ஆலோசகர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. கை கால் நன்றாக இருந்து, நினைவும் நிதானமும் போனவர் எந்த வரிசையில் நிற்பது? அந்தப் பட்டியல் திருத்தப்பட வேண்டும்.

இந்தக் காயத்துக்குத் தடுப்பு உண்டு என்பதையும் ஒரு மருத்துவரின் கவலைதான் கண்டுபிடித்தது. 1935 மே மாதம் இங்கிலாந்தில் எழுத்தாளர் டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறு நாட்களில் இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ். அந்த மரணம் அவரை விடவில்லை. போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் காக்கிறது என்று 1941இல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் அதை அவர்களுக்குக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் குறைப்பது தெரிந்தது.

எனவே வண்டியில் ஏறும் இருவரும் ஹெல்மெட் போடுங்கள். வாரை மோவாய்க்குக் கீழே இறுக்கிப் பூட்டுங்கள். உங்கள் தெருவில், உங்கள் உறவில், தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவர் இருந்தால் அவரைச் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவர் என்றும் சொல்லாதீர்கள். அது அவருடைய குணம் அல்ல, காயம். காயம் என்று தெரிந்துகொண்ட வீட்டில்தான் அவருக்குச் சிகிச்சை தொடர முடியும்.